கடல்வந்தான் சந்திக்கு ஒரு பெயர்ப்பலகை

எங்கள் பிரதேச சபை போன வருஷம் மாசி மாதம் ஒரு நல்ல காரியம் செய்தது. சபை எல்லைக்குள் இருக்கிற சந்திகள் எல்லாவற்றுக்கும் மும்மொழியிலும் பெயர்ப்பலகை நாட்டுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. ஏகமனதாக என்றால், அன்று கூட்டத்துக்கு வந்திருந்த ஏழு உறுப்பினர்களும் தேத்தண்ணி வருவதற்கு முன்பே கையைத் தூக்கிவிட்டார்கள் என்று பொருள்.

பலகை நாட்டப் பெயர் வேண்டும். வரைபடத்தில் பாதிச் சந்திகளுக்குப் பெயரே இல்லை. ஆகவே இந்த விடயத்துக்குப் பொறுப்பான சபை உத்தியோகத்தராகிய நான் கள ஆய்வு செய்து பட்டியல் சமர்ப்பிக்கும்படி பணிக்கப்பட்டேன். ஆய்வை ஒரே நாளில் முடித்தேன். மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் போகிற பஸ்ஸில் ஏறி, கொண்டக்டருக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, அவன் எந்த இடத்தில் என்ன சொல்லிக் கத்துகிறானோ அதை எழுதிக்கொண்டு வந்தேன். மக்கள் பாவனையிலுள்ள பெயர்களை அறிவதற்கு இதைவிடச் சிறந்த முறையை யாராவது சொன்னால் சபை பரிசீலிக்கும்.

தேற்றாத்தீவு கழிந்து களுவாஞ்சிக்குடி வருமுன் இருக்கிறது எங்கள் ஊர் இலுப்பந்தீவு. கிழக்கே கடல், மேற்கே வாவி, நடுவில் ஒரு கிலோமீற்றர்கூட இல்லாத மண். அந்த மண்ணை நெடுக்காக வெட்டிக்கொண்டு பிரதான வீதி போகிறது. ஊருக்கு நடுவில் ஒரு நாற்சந்தி. அங்கே நின்று கிழக்கே பார்த்தால் கடல் தெரியும், கிறுகி மேற்கே பார்த்தால் வாவி தெரியும். அந்தச் சந்தி வந்ததும் கொண்டக்டர், "கடல்வந்தான், கடல்வந்தான் இறங்குங்க" என்றான். இல. 14, கடல்வந்தான் சந்தி என்று எழுதிக்கொண்டேன்.

பட்டியல் நிறைவேறியது. இனிமேல் எல்லா ஆவணங்களிலும் பெயர்ப்பலகையில் உள்ளபடியே விலாசம் எழுதப்பட வேண்டும் என்று ஊரின் கிராம உத்தியோகத்தருக்கும் ஒரு கடிதம் போனது. நாங்கள் ஜி.எஸ். என்று சொல்கிற அந்த மனிதர் வேறு எதையும் உடனே செய்யமாட்டார். இதை உடனே செய்தார்.

அடுத்த கிழமை, கடல்வந்தானே அலுவலகத்துக்கு நேரில் வந்தார்.

அவருடைய உண்மையான பெயர் விஜிதரன். வயது ஐம்பத்தொன்று. ஓட்டோவின் கூரையில் லவுட்ஸ்பீக்கர் கட்டி ஊருக்குள் அறிவித்தல் செய்வது தொழில். சாவு, கோயில் சடங்கு, தண்ணீர் வெட்டு, தடுப்பூசி, எல்லாம் எங்கள் ஊருக்கு அவர் வாயால்தான் வரும்.

"தம்பி, சந்தியில என்ன பேர் எழுதப் போறீங்க?"

"பட்டியல்ல உள்ள பேர்தான் அண்ணன்."

"அது என்ர பட்டம். பேரில்ல."

"மக்கள் பாவனையிலுள்ள பெயர் எண்டு விதி சொல்லுது."

"எனக்கு அதச் சொன்னா நான் கவலப்படமாட்டன். பதின்மூணு வரிசமாக் கேட்டுப் பழகிட்டன். ஆனா மகள் விதுர்ஷாக்கு இந்த வரிசம் ஐடென்டிகார்ட் எடுக்கோணும். ஜி.எஸ். விலாசத்தில கடல்வந்தான் சந்தி எண்டுதான் போடுவாராம். புள்ள சாகுமட்டும் அத வச்சிக்கிட்டுத் திரியோணும். கம்பஸ்ஸுக்குப் போனாலும் அது. கலியாணம் எழுதக்குள்ளயும் அது."

"வேற என்ன பேர் வேணும்?"

"வாவிக்கரை வீதி எண்டு போட்டா என்ன? வாவிக்குத்தானே போகுது."

"கோரிக்கைய எழுத்துமூலம் தரோணும் அண்ணன்."

அவர் எழுதியே கொண்டு வந்திருந்தார். மகளின் கையெழுத்து, அச்சுப்போல இருந்தது. நான் அதில் கிடைக்கப்பெற்றது என்று முத்திரை குத்திக் கோப்பில் போட்டேன். எங்கள் அலுவலகத்தில் ஒரு கடிதத்துக்குச் செய்யக்கூடிய உச்சபட்ச மரியாதை அதுதான்.

அந்தப் பட்டம் வந்த கதையை வெளியூர்க்காரருக்குச் சொல்லவேண்டும். இரண்டாயிரத்து நாலாம் வருஷ மார்கழியில் கடல் உண்மையாகவே வந்தது. அதைப்பற்றி நான் பகிடி விடமாட்டேன். என் அக்காவை மூன்றாம் நாள் தாழம்பற்றைக்குள் கண்டெடுத்தோம். அதற்குப் பிறகு இந்த ஊரில் எவருக்கும் கடல் என்ற சொல் சாதாரணச் சொல் இல்லை.

எட்டு வருஷம் கழித்து, ஒரு நாள் மத்தியானம் நிலம் ஆடியது. கொழும்பிலிருந்து எச்சரிக்கை வந்தது. எங்கள் ஊரின் எச்சரிக்கைக் கோபுரம் அப்போது திருத்த வேலையில் இருந்தது. இப்போதும் திருத்த வேலையில்தான் இருக்கிறது. ஆகவே அலுவலகத்திலிருந்து ஒருவர் விஜிதரனுக்கு போன் எடுத்து, "கடல் வருது, சனத்துக்குச் சொல்லுங்க" என்றார். விஜிதரன் சோற்றில் வைத்த கையைக் கழுவாமல் ஓட்டோவில் ஏறினார். பெண்சாதியையும் மூன்று வயது மகளையும் வாவி கடக்கிற முதல் தோணியில் ஏற்றிவிட்டு, ஊரை இரண்டு சுற்றுச் சுற்றி அறிவித்துவிட்டு, கடைசி ஆளாகத்தான் வாவிக்கரைக்குப் போனார்.

அழைத்தவரின் பெயர் கோப்பில் இல்லை. அழைத்தவன் நான். என் பெயரை இங்கேயும் எழுதவில்லை. அது அலுவலக நடைமுறை.

கடல் வரவில்லை. சனம் சந்தோஷப்பட்டிருக்கலாம். ஆனால் பின்னேரம் வீடு திரும்பியபோது ஒவ்வொருவருக்கும் தான் ஓடிய ஓட்டம் நினைவுக்கு வந்தது. பாடசாலை அதிபர் பிள்ளைகளுக்கு முதலே கேற்றைத் தாண்டியிருந்தார். கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிற வண்ணக்கர், பாதிதான் நிறைந்த தோணியில் இருந்துகொண்டு, இடமில்லை என்று கையைக் காட்டியிருந்தார். இப்போது சபைத் தவிசாளராக இருக்கிற கதிர்காமத்தம்பி அப்போது சாதாரண உறுப்பினர். தாயை வீட்டுக் கதிரையிலேயே விட்டுவிட்டு வாவிக்கு அக்கரையிலுள்ள படுவான்கரைக்குப் போனவர் மூன்றாம் நாள்தான் கிறுகி வந்தார். இப்படிப்பட்ட நாளுக்கு யாராவது ஒருவர் குற்றவாளியாக இருந்தாக வேண்டும். கடலைக் கேட்க முடியாது. ஆகவே விஜிதரன் கடல்வந்தான் ஆனார்.

சபையும் விசாரணை நடத்தியது. "இவ்வலுவலகத்திலிருந்து எவரும் மேற்படி நபரை அழைத்திருக்கவில்லை" என்று முடிவு எழுதப்பட்டது. அந்தக் கடிதத்தைத் தட்டச்சு செய்தவனும் நான்தான். எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை.

அதன்பிறகு விஜிதரன் சாவு அறிவித்தாலும் சனம் பக்கத்து வீட்டுக்கு போன் எடுத்து, உண்மையாகவே செத்தாரா என்று விசாரித்துவிட்டுத்தான் வெள்ளைச் சட்டை போடும்.

இந்த நிலையில்தான் பிரஷாந்தி வந்து சேர்ந்தாள். கொழும்பில் பத்திரிகையாளராக இருந்துவிட்டு மட்டக்களப்புக்குத் திரும்பி, 'இன்னொருக்கா' என்ற பெயரில் பொட்காஸ்ட் நடத்துகிறவள். உலகம் தவறாக விளங்கிக்கொண்ட ஆட்களை எடுத்து, இன்னொருக்காப் பார்ப்பது அவளுடைய வேலை. பாட்டுப் போட்டியில் அழுததற்காக ஊரே சிரித்த ஒரு பிள்ளையைப் பற்றி ஒரு பகுதி. தொலைக்காட்சி நாடகத்தில் மாமியாராக நடித்ததற்காகக் கடைத்தெருவில் ஏச்சு வாங்கிய நடிகையைப் பற்றி ஒரு பகுதி. கோட்டையை அந்நியனுக்குக் காட்டிக்கொடுத்தான் என்று நானூறு வருஷமாகப் பழி சுமக்கிற ஒரு தோணிக்காரனையும் அவள் விடவில்லை. அவன் காட்டிக்கொடுக்கவில்லையாம். வழி கேட்டவனுக்கு வழி சொன்னானாம்.

கெட்டிக்காரி. சந்தேகமில்லை. பஸ்ஸில் கொண்டக்டர் கத்தியதைக் கேட்டு, "ஏன் இந்தப் பேர்?" என்று விசாரித்த முதல் ஆள் அவள்தான். நான் அதே பஸ்ஸில் போய் எழுதிக்கொண்டு மட்டும் வந்தேன்.

மைக்கைத் தூக்கிக்கொண்டு அவள் வீடு வீடாகப் போனாள்.

"அண்டைக்கு நீங்க ஓடினீங்களா ஐயா?" என்று வண்ணக்கரைக் கேட்டாள்.

"நான் ஏன் புள்ள ஓடுற? கொஞ்சம் வேகமா நடந்தன்."

"தோணியில ஏறினதா சொல்லுறாங்க."

"நடந்து போகக்குள்ள தோணி குறுக்க வந்தது."

சந்தியில் தேத்தண்ணிக் கடை வைத்திருக்கும் இன்ஷாப் மட்டும் உண்மை சொன்னார். ஓட்டமாவடியில் பிறந்து இங்கே கடை போட்டவர். "தங்கச்சி, நான் ஓடினன். கல்லாவையும் மறந்து, கழட்டி வச்ச சேட்டையும் மறந்து ஓடினன். வாழுற ஆசயில ஓடினத்துக்கு வெக்கப்பட என்ன இரிக்கு?"

பிறகு என்னிடம் வந்தாள்.

"அண்டைக்கு ஒஃபிஸ்ல போனுக்குப் பக்கத்தில ஆர் இருந்தது அண்ணன்?"

"அன்றைய கடமைப் பதிவேடு வெள்ளத்தில் அழிந்துவிட்டது."

"எந்த வெள்ளம்?"

"ஏதாவதொரு வெள்ளம்."

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். ஒலிப்பதிவில் இரண்டு சிரிப்பும் தெளிவாகக் கேட்கிறது.

'கடல் வராத நாள்' என்று அந்தப் பகுதி வெளிவந்தது. நன்றாகத்தான் செய்திருந்தாள். ஒரு மனிதன் சோற்றுக் கையோடு ஊரைச் சுற்றிய கதையை நானே இரண்டு தடவை கேட்டேன். கனடாவில் கேட்டார்கள், சுவிஸில் கேட்டார்கள், களுவாஞ்சிக்குடிச் சந்தையில் மீன் வெட்டுகிறவர்கள் காதில் வயரை மாட்டிக்கொண்டு கேட்டார்கள். ஒரே கிழமையில் விஜிதரன் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்ட மாமனிதர் ஆனார். பட்டம் வைத்தவர்கள் எங்கே என்று தேடினால் ஒருவரும் இல்லை. எல்லோரும் அப்போதே அவருக்காகப் பேசியவர்களாம்.

'நானும் கடல்வந்தான்' என்று நீல நிற டீசேர்ட் வந்தது. சந்தியில் நின்று கையை வாயருகே குவித்துப் படம் எடுப்பது வழக்கமானது. புது மாப்பிள்ளை பொம்பிளையும் வந்து எடுத்தார்கள். அதோடு மீள்பார்வை என்பது ஊரில் ஒரு நோயாகப் பரவியது. ஆடு களவெடுத்துப் பிடிபட்டவன் தன்னை இன்னொருக்காப் பார்க்கச் சொல்லி பிரஷாந்திக்கு மெசேஜ் போட்டான். வண்ணக்கர் தன் தோணி விடயத்தை வரலாற்றுப் பின்னணியில் வைத்துப் பார்க்கவேண்டும் என்றார். கடைசியில் இலுப்பந்தீவில் தப்புச் செய்தவன் என்று ஒருவன்கூட மிஞ்சவில்லை. எல்லோரும் தவறாக விளங்கிக்கொள்ளப்பட்டவர்கள்.

இதுதான் சமயம் என்று விஜிதரன் மறுபடியும் அலுவலகத்துக்கு வந்தார். நான் அவரைத் தவிசாளரின் அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கதிர்காமத்தம்பி எழுந்து நின்று கைகொடுத்தார். நீலச் சேட்டும் போட்டிருந்தார்.

"ஐயா, இப்ப எல்லாருக்கும் உண்ம தெரிஞ்சிட்டு. அந்தப் பேர எடுத்து விடுங்க. வாவிக்கரை வீதி எண்டு போடுங்க."

"அதெப்படி விஜிதரன்? அது உங்கட கௌரவப் பேரெல்லுவா?"

"எனக்கு அது கௌரவமில்ல ஐயா."

"முந்தி இல்ல. இப்ப கௌரவம். சபை உங்களக் கௌரவிச்சிரிக்கு. கௌரவத்த எடுத்தா அது அவமானம். உங்கள அவமானப்படுத்த இந்தச் சபை ஒருநாளும் இடம் கொடாது. ஆர் வந்து கேட்டாலும் கொடாது."

"கேக்கிற ஆள் நான்தானே ஐயா."

"நீங்க கேட்டாலும்" என்றார் தவிசாளர் உறுதியாக.

பலகையின் அளவு இரண்டு மடங்காக்கப்பட்டது. மும்மொழிக்குக் கீழே கைகுவித்த ஒரு மனிதனின் உருவமும் வரையப்பட்டது. விஜிதரன் பிரஷாந்தியிடம் போனார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, உண்மையான பாசத்தோடு சொன்னாள்.

"அண்ணே, அந்தப் பேர நாங்க அவங்களிட்ட இருந்து திருப்பிப் பறிச்சிட்டம். இனி அது உங்கட ஆயுதம். விதுர்ஷா அதப் பெருமையா எழுதோணும்."

"அவள் அழுறாளே தங்கச்சி."

"அந்த அழுகையத்தான் ரெண்டாம் சீசன்ல பேசப் போறம்."

ஐப்பசி மாதம் சபை 'கடல்வந்தான் நினைவோட்டம்' நடத்தத் தீர்மானித்தது. கடற்கரை மைதானத்தில் சனம் கூட வேண்டியது. பலகையைத் திறந்து வைத்துவிட்டு, விஜிதரன் லவுட்ஸ்பீக்கரில் அன்றைக்குச் சொன்னதைச் சொல்ல, எல்லோரும் வாவிக்கரை வரை ஓட வேண்டியது. முதல் மூன்று பேருக்குக் கிண்ணம். உடலுக்கும் நல்லது, உல்லாசப் பயணத்துறைக்கும் நல்லது.

விஜிதரன் முடியாது என்றார். பிறகு ஜி.எஸ். அவரைத் தனியாகக் கூப்பிட்டார். விழாவை ஒழுங்காகச் செய்து கொடுத்தால் மகளின் விண்ணப்பத்தில் மட்டும் வாவிக்கரை வீதி என்று எழுதித் தருவதாகவும், இது வெளியே தெரியக்கூடாது என்றும் சொன்னார். விஜிதரன் ஒப்புக்கொண்டார். ஒரு தகப்பனை எந்த இடத்தில் பிடித்தால் வளைவான் என்பது எங்கள் உத்தியோகத்தர்களுக்கு நன்றாகத் தெரியும்.

விழா சனிக்கிழமை. விடுமுறை நாள் என்பதால் அலுவலகத்தில் நான் ஒருவன்தான் கடமையில். காலை ஒன்பது நாற்பதுக்கு போன் அடித்தது. கொழும்பிலிருந்து. கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கம், கிழக்குக் கரைக்கு எச்சரிக்கை, பத்தேகாலுக்குள் கரையோர மக்கள் அப்புறப்படுத்தப்பட வேண்டும்.

தவிசாளருக்கு எடுத்தேன். கௌரவ தவிசாளர் மேடையில் இருந்தபடியால் அழைப்பை ஏற்கவில்லை. விஜிதரனுக்கு எடுத்தேன்.

"அண்ணன், சபையிலிருந்து. கடல் வருதாம். சனத்த வாவிப் பக்கம் போகச் சொல்லுங்க."

மறுபக்கத்தில் மேளம் அடித்துக்கொண்டிருந்தது.

"ஆர் பேசுறது?"

"நான்தான் அண்ணன். சபையிலிருந்து."

"சபை பேசாது தம்பி. பேரச் சொல்லுங்க."

"நேரமில்ல அண்ணன்."

"ஒரு பேரச் சொல்ல எவ்வளவு நேரம் போகும்? பேர எழுதி, ரெண்டு வரி எழுதி, போன்ல படமெடுத்துப் போடுங்க. போனமுற வாயால கேட்டு வாயால சொன்னன். இந்தமுற எனக்குக் கடதாசி வேணும்."

நியாயமான கோரிக்கை. கடதாசியை எடுத்தேன். கடல் வருகிறது என்று எழுதினேன். கீழே பெயர், பதவி, கையொப்பம். அந்த இடத்தில் பேனா நின்றுவிட்டது. கடல் வந்தால் பிரச்சினை இல்லை. வராவிட்டால்? எனக்கு ஓய்வூதியத்துக்கு இன்னும் பதினொரு வருஷம் இருக்கிறது.

"தவிசாளரிட்டக் கையெழுத்து எடுத்துட்டு அனுப்புறன் அண்ணன்" என்றேன்.

"கடல் எத்தின மணிக்காம்?"

"பத்தேகாலுக்கு."

"இப்ப பத்துக்குப் பத்து நிமிசம்." அவர் பெருமூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "சரி, வையுங்க. இஞ்ச சின்னப் புள்ளயளும் நிக்குது."

அதன்பின் நான் அலுவலகத்தைப் பூட்டினேன். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு வாவிக்கரைக்குப் போனேன். ஓடினேன் என்று எவரும் எழுதவேண்டாம். நிலைமையை அவதானிப்பதற்கு அந்த இடம் பொருத்தமாக இருந்தது.

லவுட்ஸ்பீக்கர் வாவிக்கரை வரை கேட்டது. மற்றவற்றைப் பின்னர் ஒலிப்பதிவில் கேட்டேன்.

"எல்லாரும் கேளுங்க. இது விழா இல்ல. இப்பதான் கோல் வந்தது. கடல் வருதாம். புள்ளயளத் தூக்கிக்கிட்டு வாவிப் பக்கம் ஓடுங்க."

கைதட்டல் எழுந்தது. விசில் பறந்தது.

"அச்சொட்டா அண்டைக்கு மாதிரியே இரிக்கு" என்றார் யாரோ ஒரு பெரியவர்.

"நான் நடிக்கல்ல. என்ர மகள் மேல சத்தியமாச் சொல்லுறன், ஓடுங்க."

இன்னும் பெரிய கைதட்டல். தவிசாளர் மைக்கை வாங்கினார். "அன்பான பொதுமக்களே, சகோதரர் விஜிதரனின் உணர்ச்சிபூர்வமான ஆரம்பத்துக்கு நன்றி. ஆனால் ஓட்டம் பிரதம அதிதியின் உரைக்குப் பிறகே ஆரம்பமாகும். அதுவரை எவரும் ஆசனத்தை விட்டு எழும்ப வேண்டாம் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

எவரும் எழும்பவில்லை. எங்கள் சனம் இவ்வளவு ஒழுங்காக ஓர் உத்தரவுக்குக் கீழ்ப்படிந்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. விஜிதரன் மேடையை விட்டு இறங்கி ஒவ்வொரு வரிசையாகப் போய்க் கெஞ்சினார். தோளில் தட்டிக்கொடுத்தார்கள். சேர்ந்து படம் எடுத்தார்கள். பிரஷாந்தி தலையில் ஹெட்போனோடு மைக்கை அவர் வாய்க்குக் கிட்டப் பிடித்தாள்.

"அண்ணே, இன்னொருக்காச் சொல்லுங்க. காத்துச் சத்தம் விழுந்திட்டு."

அவர் அவளைப் பார்க்கவில்லை. கூட்டத்துக்குள் மகளைத் தேடினார். "விதுர்ஷா, நீ ஓடு புள்ள" என்றார். அவள் கேள்வி கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினாள். சனம் அதற்கும் கைதட்டியது.

வாவிக்கரையில் நாங்கள் இரண்டு பேரும்தான் நின்றோம். அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மாமா, மற்ற ஆக்கள்?"

"வருவாங்க புள்ள."

"அப்பாக்கு கோல் எடுத்தது நீங்களா?"

நான் வாவியைப் பார்த்தேன். இரண்டு தோணி கரையில் சும்மா கிடந்தது.

"அண்டைக்கும் நீங்களா?" என்றாள்.

நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அவள் என்னை விட்டுத் தள்ளிப் போய், வந்த வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய அப்பா வரவில்லை. அவர் ஓட்டோவை எடுத்துக்கொண்டு, விழாவுக்கு வராமல் வீட்டில் கிடந்த கிழடுகளையும் நோயாளிகளையும் கூப்பிட்டுக்கொண்டு திரிந்தார். இன்ஷாப் மட்டும் கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, ஒரு மூதாட்டியைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். வேறு எவரும் வரவில்லை.

பத்தேகால் ஆனது. கடல் வரவில்லை. பிரதம அதிதி பத்து ஐம்பதுவரை பேசினார். பதினொரு மணிக்கு எச்சரிக்கை வாபஸ் பெறப்பட்டது. பதினொன்று பத்துக்குக் கொடி அசைந்தது. பிறகு நீலச் சேட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டு, போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாவிக்கரைக்கு ஓடி வந்தார்கள். முதல் பரிசு ஜி.எஸ்.ஸின் மருமகனுக்குக் கிடைத்தது.

எச்சரிக்கை உண்மை என்பது பின்னேரம் எல்லோருடைய போனுக்கும் வந்து சேர்ந்தது. ஒரு நாள் முழுக்க ஊரில் சத்தமே இல்லை. மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு கடலுக்கு முன்னால் இருந்து கைதட்டியதை நினைத்தால் யாருக்கும் சாப்பாடு இறங்காது. மறுகா, அடுத்த நாள், கோபம் வந்தது. இப்படிப்பட்ட நாளுக்கும் யாராவது ஒருவர் குற்றவாளியாக இருந்தாக வேண்டும் அல்லவா?

பிரஷாந்தி 'நாங்கள் ஏன் ஓடவில்லை?' என்று அடுத்த பகுதி செய்தாள். அதில் அதிபர் சொன்னார், விஜிதரனின் குரலில் பதற்றம் போதவில்லை என்று. வண்ணக்கர் சொன்னார், உண்மையாகவே கடல் வருகிறதென்றால் அந்த மனிசன் முதலில் தான் அல்லவா ஓடியிருக்க வேண்டும் என்று. தவிசாளர், பொறுப்பு வாய்ந்த ஒருவர் எச்சரிக்கையையும் நிகழ்ச்சி நிரலையும் குழப்பக்கூடாது என்றார். நானும் பேசினேன்; அழைத்தவர் யார் என்பது விசாரணையில் இருப்பதால் கருத்துக்கூற முடியாது என்றேன். காற்றுச் சத்தம் விழுந்ததாகச் சொன்ன இடத்தை மட்டும் பிரஷாந்தி நேரம் போதாமை காரணமாக வெட்டிவிட்டாள்.

பத்தாம் நாள் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஒப்பமிட்ட மகஜர் ஒன்று சபைக்கு வந்தது. மக்களுக்கு உரிய முறையில் விளங்கும்படி அறிவிக்கத் தவறி, முழு ஊரின் உயிரையும் ஆபத்தில் வைத்த ஒருவரின் பெயரை ஊரின் பிரதான சந்தி தாங்கி நிற்பது வெட்கக்கேடு என்றும், அவர் அந்தக் கௌரவத்துக்குத் தகுதியற்றவர் என்றும் அதில் இருந்தது. சபை அன்றே கூடியது. தேத்தண்ணி வரும்வரைகூடக் காத்திருக்கவில்லை. பெயர்ப்பலகையைக் கழற்றவும், தண்டனையாக அச்சந்தியை இனிமேல் வாவிக்கரை வீதிச் சந்தி என்று அழைக்கவும் தீர்மானித்தது.

கடிதத்தைத் தட்டச்சு செய்து விஜிதரனைக் கூப்பிட்டேன். அவர் கவுண்டரில் நின்றபடியே வாசித்தார். 'தங்களுக்கு வழங்கப்பட்டிருந்த கௌரவம் இத்தால் இரத்துச் செய்யப்படுகிறது' என்ற வரியில் விரலை வைத்து இன்னொரு தடவை வாசித்தார்.

"இது சரிதானே தம்பி? திரும்ப மாத்த மாட்டாங்களே?"

"மாத்த மாட்டாங்க அண்ணன். ஏகமனதான தீர்மானம்."

"அப்ப ரெண்டு கொப்பி தாங்க. ஒண்டு ஜி.எஸ்.ஸுக்குக் குடுக்கோணும்."

கொடுத்தேன். எங்கள் சபையின் வரலாற்றில் கேட்டதைக் கேட்டபடி பெற்றுக்கொண்ட ஒரே பொதுமகன் அவர்தான். விதுர்ஷாவின் அடையாள அட்டை தை மாதம் வந்துவிட்டது. விலாசம் சுத்தமாக இருக்கிறது.

அன்று பின்னேரமே விஜிதரன் ஓட்டோவின் கூரையிலிருந்து லவுட்ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டார். இப்போது பாடசாலைப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறார். சாவு விழுந்தால் ஊருக்குத் தெரிய ஒரு நாள் ஆகிறது.

சபை அறிவிப்பாளர் பதவிக்கு விண்ணப்பம் கோரி இத்துடன் மூன்று முறை விளம்பரம் போட்டுவிட்டோம். தெளிவான குரல், சொந்த வாகனம், எழுத்துமூல உத்தரவு கேட்காதவராயிருத்தல் விரும்பத்தக்கது. இன்றுவரை ஒருவரும் விண்ணப்பிக்கவில்லை. எச்சரிக்கைக் கோபுரத்தின் திருத்த வேலைக் கோப்பு இன்னும் என் மேசையில் இருக்கிறது. கிழக்கே கடலும் மேற்கே வாவியுமாக நாங்கள் நாலாயிரம் பேர், ஒருவர்மேலும் ஒரு குற்றமும் இல்லாமல், நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருக்கிறோம்.